நாலரைக் கிலோ கார் புத்தகத்தோடு தென்காசிக்கு

குற்றாலத்துக்கு எல்லோரும் துண்டும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் போன ஜூலையில் நாலரைக் கிலோ புத்தகம் ஒன்றை மூன்று பிளாஸ்டிக் உறைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களின் படப் புத்தகம். காபி டேபிள் புத்தகம் என்பார்கள். என் வீட்டில் அதன் பக்கத்தில் காபி டம்ளரை வைத்தால் கொலை விழும். இந்த மாதிரி பதினாறு புத்தகங்கள் இருக்கின்றன. அதில் எனக்கு உயிர் இந்த ஒன்றுதான். பதினோரு வருடத்துக்கு முன் சென்னையில் பழைய புத்தகக் கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

இதன் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் விரியும் ஒரு படம் உண்டு. ஐம்பதுகளில் வந்த, இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார். நேர் பக்கவாட்டில், கையால் வரைந்தது. (கம்பெனி பெயரைச் சொன்னால் கமெண்டில் சண்டை வரும்.) அதைப் போட்டோ எடுத்து இந்த பிளாகில் போட்டிருந்தேன். ஒரு வாரத்தில் போன் வந்தது. செங்கோட்டைக்கும் புளியறைக்கும் நடுவே டிங்கர் பட்டறை வைத்திருக்கும் சுடலை அண்ணாச்சி.

"மேடம், அதே வண்டி எங்கிட்ட நிக்குது. எஸ்டேட் ஷெட்ல கெடந்தது. ரெண்டு கதவையும் எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். தகட்டுல நான்தான் அடிக்கணும். நெட்ல நாலு படம் பாத்தேன், நாலும் நாலு அளவு சொல்லுது. உங்க படம் நேரா இருக்கு, ஆனா கதவு மடிப்புக்குள்ள முங்கிப் போச்சு. கொஞ்சம் விரிச்சு எடுத்து அனுப்புதீங்களா?"

விரித்தேன். புத்தகத்தின் முதுகு 'கிரீச்' என்றது. உடனே மூடிவிட்டேன். இதற்கு மேல் விரித்தால் உடைந்துவிடும் என்று சொன்னேன். ஆவணிக்குள் கதவு ஏறாவிட்டால் ஓனர் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அண்ணாச்சியின் இரண்டு வருட உழைப்பு. மனசு கேட்கவில்லை. புத்தகத்தை நேரில் கொண்டுவருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வெள்ளி மாலை எழும்பூரில் ரயில். ஸ்லீப்பர் 415 ரூபாய். புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினேன். சனிக்கிழமை காலை 7.50க்குத் தென்காசி. அங்கிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர், பஸ் அரை மணி நேரம். பிறகு பட்டறை வரை ஆட்டோ 150 ரூபாய். மேற்கே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் வந்து வந்து போனது.

பட்டறையில் தார்ப்பாயை விலக்கினார் அண்ணாச்சி. பதினாறு புத்தகங்களில் இந்தக் கார்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பின் சக்கரத்துக்கு மேலே எழும்பிப் போகும் அந்த வளைவை அன்றைக்குத்தான் கையால் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அழுகை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், வந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய பேனர் துணி தொங்கியது.

அண்ணாச்சி நான் கேட்காமலே சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். படத்தில் சக்கர ரிம்மை அளந்தார்: ஒன்றரை அங்குலம். வண்டியில் ரிம் பதினான்கு அங்குலம். அந்தக் கணக்கை வைத்து முன் பம்பரிலிருந்து சக்கரம் வரை படத்தில் அளந்து, பெருக்கி, வண்டியிலும் டேப் பிடித்தார். ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

"வரைஞ்சவன் சும்மா வரையல மேடம். வண்டிய நிறுத்தி வச்சு அளந்திருக்கான்" என்றார். அவர் குரலே தணிந்துவிட்டது. அழகு என்று மட்டுமே நான் பார்த்துவந்த படம் இத்தனை நேர்மையானது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கதவுக்கு வந்ததும் டேப் நின்றது. "படத்துல ஒண்ணேகால் இஞ்ச் உள்ள கெடக்கு. வண்டியில அது ஒரு அடி கிட்ட வருது. கதவோட மேல்விளிம்பு எங்கன தாழுது, எங்கன ஏறுதுன்னு அதுக்குள்ளதான் இருக்கு."

"என்ன செய்யலாம்?"

"தென்காசில பைண்டிங் பண்ணுத அக்கா ஒருத்தி இருக்கா. நூலைப் பிரிச்சா தாளு தனியா வரும். ஆனா உங்க புக்கு. பிரிங்கன்னு நான் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் ஸ்பானர்களை அடுக்க ஆரம்பித்தார்.

டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். பிரித்துவிட்டால் பழைய புத்தகம் திரும்பி வராது. பிரிக்காமல் ரயில் ஏறினால், வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இந்தப் பேனர் துணிதான் ஞாபகம் வரும். "பைக்கை எடுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, புத்தகத்தை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பதின்மூன்று கிலோமீட்டர். பைண்டிங் செய்யும் எஸ்தர் அக்கா எங்களைப் பார்த்ததும் முதலில் அண்ணாச்சியைத்தான் பிடித்தார்.

"ஏ சுடலை, சாரல்ல ஆர்ட் பேப்பரையா கொண்டாருவ? ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்லா! சன்னலைச் சாத்து மொதல்ல."

மெல்லிய பிளேடால் பசையைக் கீறி, நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில், நாலு நாலு பக்கமாக மடிந்த இரண்டு தாள்களை உருவி, மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, படம் சேரும்வரை நகர்த்தினார்.

"இந்தா, உள்ள ஆளு இருக்காளே!"

திரும்பிப் பார்த்தேன். கதவு முழுதாகத் தெரிந்தது. கதவுக்கு மேலே ஒரு பெண். தலையில் துணி கட்டியிருக்கிறாள். பாதி முகம் இந்தத் தாளில், பாதி முகம் அந்தத் தாளில். அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். படமும் இடது பக்கத்துத் தோற்றம். ஆக, ஓட்டுவது அவள்தான். என் பதினாறு புத்தகங்களிலும் பெண்கள் உண்டு. பானட்டில் சாய்ந்து நிற்பார்கள், கையசைப்பார்கள். ஓட்டுகிற ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தையும் ஆளில்லாத கார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணாச்சிக்கு அவருடைய வேலை. டிரேசிங் பேப்பரை விரித்தார். "ஆளு இருக்கது நல்லதாப் போச்சு. இந்தம்மா தோளை வச்சுப் பாத்தா கதவு உசரம் சரியாத் தெரியுது" என்று ஒன்றரை மணி நேரம் தலை நிமிராமல் கோடு இழுத்தார்.

புத்தகத்தை அக்கா கடையிலேயே விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஆறரைக்கு மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒரு யோசனையும் மிஞ்சவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சீசனில் வார நாளில் போங்கள். ஏழு மணிக்குள் அருவிக்குப் போய்விட்டால் நெரிசல் குறைவு. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், அடிக்கடி பஸ் இருக்கிறது. எனக்கு அறை ஒரு நாளைக்கு 900 ரூபாய். புளியறைப் பக்கம் போனால் பரோட்டாவைத் தவறவிடாதீர்கள். புத்தகம் எதையும் கொண்டுபோகாதீர்கள்; கொண்டுபோனால் அறையில் திறந்து வைக்காதீர்கள், சாரல் ஈரம் ஏறிவிடும். காரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டு கதவும் ஏறிவிட்டன. போன வாரம் அண்ணாச்சி போட்டோ அனுப்பினார்.

அந்த ஞாயிறன்று எஸ்தர் அக்கா சர்ச் முடிந்து பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "பழையபடி தச்சிருதேன். ஆனா எப்படித் தச்சாலும் அவ உள்ள போயிருவா, பாத்துக்கிடுங்க."

"அந்த இரண்டு தாளையும் விட்டுட்டுத் தைங்க அக்கா."

"எட்டுப் பக்கம் இல்லாத புக்கும்மா. நாளைக்கு எவன் வாங்குவான்?"

"வாங்க வேண்டாம்."

கூலி 350 ரூபாய். மாலை ரயிலில் இரண்டு தாளையும் மடியில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது, தெரிஞ்சவங்களா?"

"பதினோரு வருஷமா என் வீட்லதான் இருக்காங்க" என்றேன். "நேத்துதான் பார்த்தேன்."