குடிக்க உகந்த வெள்ளம்

ஆற்று வண்டலைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசிவிட்டேன். கேம்பல் பே என்ற தீவு ஊரை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கம். ஆராய்ச்சி மாணவனாகப் போயிருந்தேன். முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேட்டு மண்ணெல்லாம் மழையோடு ஆற்றில் இறங்கியது. ராமநாதபுரத்து ஹவில்தார் ஒருவருக்கு ஆற்றோரமாகவே நிலம் ஒதுக்கியிருந்தார்கள்.

"எம் புள்ளைக இருக்கப்போற எடம் சார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரிசல்ட் வரட்டும்ணே, சொல்றேன்" என்றேன்.

கொட்டுகிற மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாட்டில் பாட்டிலாக வெள்ளத்தைப் பிடித்தேன். எல்லாம் டீ நிறம். அதிலிருக்கும் மண்ணை எடை போட்டுவிட்டால், ஆறு மண்மேடிட்டுக் கரை புரளும், அந்த இடம் குடியிருக்க ஆகாது என்று நிரூபித்துவிடலாம். நிறுக்கும் வசதி அங்கே இல்லாததால், மண்ணை நிறுக்கச் சொல்லிக் கடிதம் வைத்துக் கப்பலில் போர்ட் பிளேயருக்கு அனுப்பினேன்.

அங்கே இருந்ததோ குடிநீர் சோதிக்கும் கூடம். போய்ச் சேர்வதற்குள் மண் அடியில் படிந்துவிட்டது. அந்த மகானுபாவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. பாட்டிலைக் குலுக்காமல், மேலே தெளிந்திருந்ததை மட்டும் இறுத்துச் சோதித்தார். அடியில் கிடந்ததை அழுக்கென்று கொட்டிவிட்டு, பாட்டில்களைப் பளபளவென்று கழுவித் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு சான்றிதழ்: குடிக்க உகந்தது! அட, படித்த மனிதர் செய்கிற வேலையா இது?

நிலம் ஒதுக்கும் அதிகாரியிடம் ஓடினேன். "மண்ணைத்தான் சார் கொட்டிட்டாங்க! அடுத்த மழை வரைக்கும் பொறுங்க, திரும்ப எடுத்துத் தர்றேன்."

அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "பானி ஏக்தம் சாஃப், தண்ணி சுத்தம்னு வந்திருக்கே? சும்மா பக்வாஸ் பண்ணாதீங்க, உளறாதீங்க தம்பி. மெயின்லேண்ட்லேர்ந்து குடும்பங்க கப்பல் ஏறப்போறாங்க."

அவர் முகத்தில் அந்தக் காகிதத்தை விட்டெறிந்திருக்க வேண்டும். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வருட மழையில் ஆறு கரை தாண்டியது. நல்லவேளை, உயிர்ச் சேதமில்லை. ஹவில்தாரின் நெல் வயலில் மட்டும் முழங்காலளவு மணல். நான் அளவுகோலைக் குத்திக் குத்தி ஆழத்தைக் குறித்துக்கொண்டு போனேன். மனைவி பிள்ளைகளோடு அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அளந்து என்ன சார் செய்வீங்க?"

"ஆராய்ச்சிக்குண்ணே."

"செய்ங்க. போன வருசமே 'இங்க வேணாம்ணே'ன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவுகளக் கூட்டியாந்திருக்க மாட்டேன்."

கையில் எண் இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்று படித்தவன் நான். அந்த மணலை அளந்த எண்களை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.