ஸ்ட்ரோங் றூமும் சிரிப்புப் படமும்

படத்துக்குப் போவோம் என்று முதலில் சொன்னவன் றெஜி. குருநகரைச் சேர்ந்த அவன், மருதனார்மடத்துப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் காசாளர். நான்கு கூட்டாளிகள் சேர்ந்து ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கிற கதை, முழுக்கப் பகிடி, சிரித்துக்கொண்டே இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தான்.

“பாங்கிலை வேலை செய்யிற நாங்கள் பாக்காமல் வேறை ஆர் பாக்கிறது?” என்றான்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கிளையில் இருந்த ஏழு பேரும் யாழ்ப்பாணம் போனார்கள். முகாமையாளர் கதிரவேலுவும் வந்தார். சிவகௌரி மட்டும் கடைசிவரை தயங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரி பெர்னடெட்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சிவகௌரிக்கு நாற்பத்தாறு வயது. வீடு இணுவிலில். கிளையில் கதிரவேலுவுக்கு அடுத்த அதிகாரி அவள்தான். காசும் அடகு நகையும் இருக்கிற ஸ்ட்ரோங் றூம் கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு திறப்புகள் உண்டு; சாவி இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒன்று அவரிடம், மற்றது அவளிடம். பதினொரு வருடமாக அவள் எங்கே போனாலும் அந்தத் திறப்பும் கூடப் போனது. ஒருமுறை காய்ச்சலோடு முச்சக்கரவண்டியில் வந்து, கதவைத் திறந்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்தாள். கொழும்பில் தம்பியின் கலியாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். திறப்பை வாங்கக்கூடிய தரத்தில் கிளையில் வேறு ஒருவரும் இல்லை. இடமாற்றம் கேட்டால் எங்கேயாவது தூரத்தில் போட்டுவிடுவார்கள். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணவன் மயூரதன் வவுனியாவில் படிப்பிக்கிறார், சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவார்.

படத்தின் முதல் பாதியில் அவள் நன்றாகவே சிரித்தாள். கொள்ளையர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து நகைக்கடைக்குள் சுரங்கம் தோண்டிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் வங்கி அதிகாரி ஒருத்தியை ஸ்ட்ரோங் றூமுக்குள் தள்ளிக் கதவை அடைத்தார்கள். அவள் உள்ளே இருந்து சோற்றுப்பெட்டியைத் திறந்து சாப்பிட்டாள், பாட்டுப் பாடினாள், காசுக் கட்டுகளின் மேல் கால் நீட்டிப் படுத்தாள். அரங்கம் சிரித்து உருண்டது.

பெர்னடெட் முழங்கையால் இடித்து, “அக்கா, உது நீங்கள்தான்” என்றாள்.

சிவகௌரி சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டாள். கைகள் இரண்டும் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன. வரிசையின் அந்தத்தில் இருந்த கதிரவேலுவை ஒருதரம் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அடகு நகைப் பொட்டலங்களை ஸ்ட்ரோங் றூமின் பின் தட்டில் வைக்கச் சிவகௌரி உள்ளே போயிருந்தாள். வாசலில் நின்ற கதிரவேலுவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்து, கதைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார், தன் திறப்பைத் திருப்பினார், வெளியே இருந்த சுவிச்சை அணைத்தார். அப்படியே கதைத்துக்கொண்டு வீதிக்கு இறங்கிவிட்டார்.

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. அவளுடைய தொலைபேசி மேசையில் கைப்பையோடு கிடந்தது. முகத்துக்கு நேரே கையைப் பிடித்தாலும் கை தெரியாத இருட்டு. தன் திறப்பாலேயே கதவில் அடித்தாள். சத்தம் அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்தபோது கீழே இருந்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வெளியே நின்று, கதவைத் திறக்கச் சிவகௌரி இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அப்போதுதான் அடக்க முடியாமல் சேலை நனைந்தது.

ஐம்பது நிமிடம் கழித்து, மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கதிரவேலு திரும்பி வந்தார். அவளுடைய ஸ்கூட்டி வாசலில் நிற்பதைக் கண்டதும் உள்ளே ஓடினார். அவளுடைய பூட்டுப் பூட்டப்படாததால் அவருடைய திறப்பு மட்டுமே கதவைத் திறக்கப் போதுமாயிருந்தது.

“ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, சிவகௌரி. பென்சனுக்கு இன்னும் நாலு வருசம்தான் கிடக்கு” என்றார்.

“ஓம் சேர்” என்றாள். அவருக்காக மட்டுமல்ல, நனைந்த சேலைக்காகவும் சொன்னாள். மயூரதனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அடுத்த திங்கள் காலை அதே கதவைத் திறந்து அதே அறைக்குள் போனாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் போனாள்.

படம் பார்த்த பின் வந்த திங்கட்கிழமை, பத்து மணித் தேத்தண்ணியோடு படத்தைப் பற்றிய கதை தொடங்கியது.

“இடைவேளை வரைக்கும் நல்லாப் போச்சு. பிறகு ஒரே இழுவை. ஆர் ஆரை ஏமாத்தினது எண்டே கடைசியிலை விளங்கேல்லை” என்றாள் பெர்னடெட்.

“பகிடிப் படத்திலை விளக்கம் தேடக் கூடாது. ரண்டரை மணித்தியாலம் சிரிச்சமோ இல்லையோ? அதுதான் காரியம். நீங்கள் சொல்லுங்கோ அக்கா” என்று றெஜி சிவகௌரியின் பக்கம் திரும்பினான்.

“முதல் பாதி நல்ல பகிடிதான். நானும் சிரிச்சனான்” என்றாள் சிவகௌரி. “அந்த மனிசியை உள்ளுக்கை விட்டுப் பூட்டினாப் பிறகு எனக்குச் சிரிப்பு வரேல்லை. அவளுக்குக் கொஞ்சம் பயத்தைக் காட்டியிருந்தால், பிறகு வந்த பகிடிக்கும் சிரிச்சிருப்பன்.”

“அதுதானே படத்திலை திறமான இடம்?”

“உள்ளுக்கை இருந்தால் பாட்டு வராது, றெஜி.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று பெர்னடெட் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

மேசையின் மற்றப் பக்கம் கதிரவேலு கோப்பையோடு இருந்தார். சிவகௌரி அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். சேலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பூட்டியது யார் என்பதையும் சொல்லாமல், கதவு சாத்துப்பட்டுவிட்டது என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கதிரவேலு கோப்பையை வைத்தார்.

“கதவு தானாச் சாத்துப்படேல்லை. நான்தான் பூட்டினனான்” என்றார்.

அன்று பின்னேரம் அவரே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பென்சனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் அவர் வேலைக்குத் தேவையானதைத் தவிர அவளோடு வேறு எதுவும் கதைக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து அறைக்குள் ஒரு மணியும் ஒரு சுவிச்சும் பொருத்திவிட்டுப் போனார்கள்.

திறப்பை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று சிவகௌரியும் தனியாக எழுதியிருந்தாள். தூரத்தில் இருக்கும் மாங்குளத்துக்கு இடமாற்றம் தரலாம், இதே கிளையில் இருந்தால் திறப்பும் அவளிடமே இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை மயூரதனிடம் காட்டி, மூன்று வருடக் கதையை முதன்முறையாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். “பிள்ளையின்ரை சோதினை முடியட்டும்” என்று மட்டும் சொன்னார். அதையேதான் அவளும் நினைத்திருந்தாள்.

இப்போது பின்னேரங்களில் அவள் உள்ளே போகும்போது, பெர்னடெட் திறந்த கதவில், அது சாத்துப்படாதபடி, முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிவகௌரி வெளியே வருமட்டும் அவள் வாய் ஓயாமல் எதையாவது கதைத்துக்கொண்டே இருப்பாள். பின் தட்டருகில் நின்று பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே சிவகௌரி, “ஓம், ஓம்” என்பாள்.