ஆற்றில் விட்ட பளிங்கு

ஜெர்மன் சண்டை ஓய்ந்து, அரிசிக்கு எல்லோரும் அல்லாடிய வருஷம் அது. லுணுகலைக் கடைவீதியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. மற்றக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரம் இருக்கும். என் கடையில் கல் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண்ணுக்குள் அகப்படும் பளிங்குக் கற்கள். வெள்ளை, புகை நிறம், லேசான ஊதா. கொண்டுவருகிறவர்களுக்கு நெருப்புப் பெட்டியோ கருப்பட்டியோ கொடுத்து வாங்கி அடுக்கி வைப்பேன். என் மனைவிக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. "அந்தப் பெட்டியில முறுக்கு வெச்சிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கலாம்" என்பாள். பட்டை தீட்டி விற்கச் சொன்ன வியாபாரிகளும் உண்டு. மனிதக் கை படாமலே இறைவன் பட்டை போட்டு வைத்திருக்கிறான், அதற்கு மேல் நான் என்ன தீட்டுவது?

பெட்டியில் இல்லாத ஒரு கல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை மலை உச்சியில், மரத்தடியில் அது சாமியாக இருந்தது. ஒரே அடியிலிருந்து வாழைச் சீப்புப் போல் முளைத்த புகை நிறப் பளிங்கு. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையை மாட்டுவார்கள். சாமான் கொடுக்கப் போகும்போதெல்லாம் தூர நின்று பார்த்துவிட்டு வருவேன். நானோ முஸ்லிம், அடுத்தவர் கும்பிடும் பொருளைக் கேட்க வாய் வருமா?

அந்த ஐப்பசி மழையில் மரக்கிளை முறிந்து விழுந்து, பளிங்கின் ஒரு முனை உடைந்துபோனது. உடைந்த சாமியைக் கும்பிடக் கூடாது, ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். செய்தி காதில் விழுந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு மலையேறினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம், அந்தக் கல்லை எனக்குத் தர முடியுமா என்று வாய் குழறக் கேட்டேன்.

கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க சாமிய ஒங்க கடையில சீனி டப்பா பக்கத்துல வெக்கவா கேக்குறீங்க மொதலாளி? ஆத்துல விட்டாத்தாங்க எங்களுக்கு நிம்மதி."

அவர் சொன்னது நியாயம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திரும்பினேன். ஆனால் பாலத்துக்குச் சற்று மேலே, அவர்கள் சாமி விடும் இடத்தில், ஆறு ஆழமான மடுவாகக் கிடக்கும். அதில் விட்டால் போனதுதான்.

தினமும் சாமிக்கு விளக்குப் போடும் கங்காணியின் தங்கை, மூச்சிரைக்க என் பின்னால் ஓடி வந்தாள். "ஆத்துல விடுற வரைக்குந்தாங்க அது சாமி. விட்டுட்டு நாங்க திரும்பிப் பாக்க மாட்டோம். பெறகு அது ஆத்துக் கல்லுதானே? அண்ணன்கிட்ட சொல்லிப் பாக்குறேன். காலையில பாலத்துக்கிட்ட வந்து நில்லுங்க."

மறுநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு நேரே பாலத்தடிக்குப் போய் நின்றேன். மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. தப்பு மேளச் சத்தம் கேட்டது. மஞ்சள் துணியில் பளிங்கை ஏந்திக்கொண்டு கங்காணி முன்னால் வந்தார். மடுவின் கரையில் ஒரு நிமிஷம் நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு, யாரையும் பார்க்காமல், அதைத் தாண்டி நடந்தார்.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் முழங்கால் அளவுதான். பெண்கள் குலவையிட, கங்காணி இறங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே நேரமானது. கரையேறி என்னைக் கடக்கும்போது, முகத்தைத் திருப்பாமலே, "மேல மழைங்க மொதலாளி, தண்ணி ஏறப்போவுது" என்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பளிங்கு சாயாமல் நின்றது. வெள்ளம் இழுக்காதபடி சுற்றிலும் கற்களை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார் அந்த மனிதர். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

இப்போது கண்ணாடிப் பெட்டியின் நடுவில் அது இருக்கிறது. சீனி டப்பாவை நானே தூரத் தள்ளி வைத்துவிட்டேன். சம்பள நாளில் கடைக்கு வரும் அந்தப் பெண்கள் அதைக் கும்பிடுவதில்லை. கட்டிக் கொடுத்த மகளைப் பற்றிக் கேட்பது போல், "நல்லா இருக்கா மொதலாளி?" என்று மட்டும் கேட்பார்கள். யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால் இப்போதெல்லாம் நான் உடனே மனம் தளர்ந்துவிடுவதில்லை. மடுவைத் தாண்டி நடந்த அந்தக் கங்காணியின் கால்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.