மெத்தைக் கடைக்குக் கீழே

தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். பகலில் மெத்தை விற்பார். வாரத்தில் மூன்று நாள், இருட்டிய பிறகு, கடைக்குக் கீழேயுள்ள கிடங்கில் அனுமதி இல்லாமல் ஒரு நைட் கிளப் நடத்துவார். பாட்டுச் சத்தம் வெளியே கேட்காதிருக்க, விற்காத மெத்தைகளைச் சுவரெங்கும் அடித்து வைத்திருந்தார்.

அவரோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. யாராவது கதவைத் தட்டினாலே விளக்கை அணைத்துவிடுவார். ஆனால் பெரிய ஹோட்டல்களில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, வேலை போய் ஒரு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கிடங்கைக் காலி செய்து அவளைப் பாட்டுப் போட வைத்தார்.

கூட்டம் சேர்ந்தது. அதுவே வினையாயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் இதேபோல் திருட்டு கிளப் வைத்திருந்த கோட்டுக்காரருக்கு ஆட்கள் குறைந்துபோனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய ஆள் வந்து, இருப்பதிலேயே உசத்தியான மெத்தையில் செருப்போடு படுத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கீழ் கடைய மூடிடுங்க. இல்லன்னா மேல் கடையும் இருக்காது."

அன்றிலிருந்து மெத்தைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மூடிடலாம்மா," என்றார் மனைவியிடம்.

"அவன் சொன்னா நாம ஏங்க மூடணும்?"

"உயிரோட இருக்கத்தான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், மனைவி பல்பு வாங்கப் போயிருந்த நேரம், கோட்டுக்காரரே இரண்டு தடியன்களோடு வந்துவிட்டார். "கீழ போய்ப் பேசலாம்."

மெத்தைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவரை இன்னும் மிரட்ட நினைத்து ஒரு தடியன் இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தினான். உள்பக்கக் கைப்பிடி அவன் கையோடு வந்துவிட்டது.

"திறடா."

"வர மாட்டேங்குதுண்ணே."

கத்தினார்கள். மெத்தைகள் சத்தத்தை விழுங்கிவிட்டன. போனில் சிக்னல் இல்லை. பத்தே நிமிஷத்தில் கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மூச்சு முட்டுது. பூட்டின ரூம் எனக்கு ஆகாது."

தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்த மெத்தைக்காரருக்கு, இப்போது இந்த ஆள் செத்துப் பழி தன் தலையில் விழுமோ என்ற பயம். அவர் முதுகைத் தடவிவிட்டார்.

"மெதுவா மூச்ச விடுங்க. வீட்டுக்காரி வந்துடுவா."

"எப்போ?"

"கடைக்குப் போனா சொல்ல முடியாதுங்க."

இரண்டு மணி நேரம் கழித்து வந்த மனைவி, வாசலில் கோட்டுக்காரர் காரையும் ஆளில்லாத கடையையும் பார்த்தாள். புருஷனைக் கொன்றுவிட்டார்கள் என்றே நினைத்து, ஓடிப்போய்ப் போலீஸைக் கூட்டிவந்தாள். கிடங்குக் கதவைத் திறந்ததும் கோட்டுக்காரர் இன்ஸ்பெக்டரின் தோளில் சாய்ந்து அழுதார்.

இன்ஸ்பெக்டர் வண்ண விளக்குகளைச் சுற்றிப் பார்த்தார். "என்ன இடம் இது?"

"என் கிளப்பவிட நல்லா இருக்குங்கய்யா," என்று கோட்டுக்காரர் உளறினார்.

"உங்களுக்கும் ஒண்ணு இருக்கா?"

அன்றே இரண்டுக்கும் சீல் வைத்தார்கள். "நானே உங்கள மாட்டிவிட்டுட்டேனே," என்று மனைவி விசும்பினாள்.

"நீ வரலன்னா அந்த ஆளு என் மடியிலயே போயிருப்பான்," என்றார் மெத்தைக்காரர். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் தட்டு நிறையச் சாப்பிட்டார்.