ஸோல்தானின் வண்டியில் கீரிமலைக்கு

இந்த ஆடி அமாவாசைக்கு, காலமான என் தகப்பனாருக்காகக் கீரிமலையில் முழுகிவரப் போனேன். உலக யுத்தம் முடிந்தபின் ரயிலில் இருக்க இடமும் கிடைக்கிறது. போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதி வழியில் கோபம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவிலில் காலை ஆறரைக்கு ரயில். காங்கேசன்துறை பத்து மைல்; மூன்றாம் வகுப்புக்கு முப்பது சதம் கொடுத்தேன். அங்கிருந்து கீரிமலை இரண்டு மைல். அன்றைய கூட்டத்துக்கு மாட்டுவண்டிக்காரர்கள் ஒரு ரூபா கேட்டார்கள். ஓர் இளைஞர் மட்டும் முதலிலேயே முக்கால் ரூபா என்றார். ஏறிக்கொண்டு பெயர் கேட்டேன்.

“ஸோல்தான்.”

“இதென்ன பேர் தம்பி?”

“ஹங்கேரிப் பேர். கேக்கிற எல்லாரும் உப்பிடித்தான் முழிக்கிறவை. மாடு மட்டும் முழிக்கிறேல்லை. ஐயா வாத்தியாரோ?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“விடை சொல்லுமட்டும் விடமாட்டியள் போலை கிடக்கு.”

விடவில்லைதான். அவர் பிறப்பதற்குச் சற்று முன், சங்கு சிப்பி சேர்க்க வந்த ஸோல்தான் என்ற ஹங்கேரிக்காரருக்கு அவருடைய தகப்பனார் மூட்டை சுமந்திருக்கிறார். தங்கள் நாட்டில் பழைய அரசன் ஒருவனுக்கும் இந்தப் பெயர், ஆடு மேய்ப்பவனுக்கும் இந்தப் பெயர் என்று அந்த மனிதர் சொன்னாராம். மகன் பிறந்ததும் தகப்பனார் ‘கந்தசாமி’ என்று பதியப் போனார். “உங்கடை ஆக்களுக்குக் கந்தன் எண்டாலே காணும்” என்றார் பதிவாளர்.

வெளியூர் வாசகர்களுக்கு விளக்கவேண்டும். முருகன் ஒருவன்தான். ஆனால் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தால் கந்தசாமி. அந்தத் தோட்டத்தில் கூலிக்குக் கொத்துபவர் வீட்டில் பிறந்தால் கந்தன். சட்டத்தில் இப்படி எங்கும் இல்லை. தகப்பனார் வாதாடிக் களைத்து, கடைசியில் ஹங்கேரிக்காரரின் பெயரைச் சொன்னார். அதில் எதை வெட்டுவதென்று பதிவாளருக்குத் தெரியவில்லை. முழுதாக எழுதிவிட்டார்.

“இப்ப எனக்கு ஒரு பெடியன் பிறந்திருக்கிறான், வாத்தியார். நீங்கள் முழுகினாப்பிறகு பதியத்தான் போறன். சோமசுந்தரம் எண்டு.”

“நானும் வாறன்.”

கடலை ஒட்டியிருந்தும் கேணித் தண்ணீர் உப்பில்லை. முழுகி எழுந்தபோது மனம் ஆறியிருந்தது. அது பதிவாளர் வீடு வரைக்கும்தான் நின்றது.

அந்தப் பழைய பதிவாளரின் மகன்தான் இப்போது பதிவாளர். அவரும் முழுகி வந்திருந்தார். நெற்றித் திருநீறு இன்னும் காயவில்லை. எனக்கு விறாந்தையில் கதிரை தந்தார். ஸோல்தான் முற்றத்து வெயிலில் நின்றார்.

“சோமன் எண்டு போடுறன்.”

“சோமசுந்தரம், ஐயா.”

“டேய், உது ஆற்றை பேர் தெரியுமே? என்ரை பெரியப்பான்ரை பேர்!”

“அவர் குறை நினைக்கமாட்டார். செத்துப்போனார்தானே.”

பதிவாளர் என் பக்கம் திரும்பினார். “பாத்தியளே வாத்தியார், உவன்ரை வாயை?”

“பேர் வைக்கிறது தேப்பன்ரை வேலை. எழுதுறது உங்கடை வேலை. எழுதுங்கோ” என்றேன்.

“நாளைக்கு உங்கடை பேரையும் எடுப்பினம்.”

“எடுக்கட்டும். எனக்குக் குறையாது.”

பதிவாளர் குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, சண்டை வேண்டாம். உன்ரை பேரையே மோனுக்கும் வை. ஸோல்தான். இப்பவே முழுசா எழுதித்தாறன்.”

எங்கோ ஆடு மேய்ப்பவனின் பெயரைத் தடையில்லாமல் எழுதும் கை, தான் கும்பிடும் சிவனுடைய பெயரை எழுதக் கூசுகிறது! முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பொறுமையாக இருந்தவன் நான். விடை தெரியாத பிள்ளையிடம் எத்தனை தரமும் பொறுக்கலாம். தெரிந்துகொண்டே பிழையாக எழுதுபவரிடம் பொறுக்க எனக்குத் தெரியாது. கதிரையை விட்டு எழுந்து முற்றத்தில் இறங்கினேன்.

“என்ரை அப்பு களைச்சுப்போய் வைச்ச பேர் இது” என்றார் ஸோல்தான். “நான் இன்னும் களைக்கேல்லை.” மாட்டை வண்டியில் பூட்டினார்.

போகிறவர்கள் மாற்றுவேட்டி கொண்டுபோங்கள். கேணிப்படியில் பாசி வழுக்கும், பிடித்து இறங்குங்கள். உங்களுக்கு வசதி என்றால் வருகிற புதன்கிழமை வாருங்கள். அன்று நாங்கள் மறுபடி பதியப் போகிறோம். காங்கேசன்துறை நிலைய வாசலில் வண்டி நிற்கும், அன்றைக்குக் கூலி இல்லை. அந்த முற்றம் பெரியது; ஐம்பது பேர் தாராளமாக நிற்கலாம். பிள்ளையின் பெயர் சோமசுந்தரம். உரக்கச் சொல்லப் பழகிக்கொண்டு வாருங்கள்.