அந்தோனியார் கிழங்கு

மூன்று வருடம் நான் ஆபிரிக்காவைக் காப்பாற்றினேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கி, டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு கண்ணாடி வீட்டில். மத்தியானம் அரை மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை. அந்த அரை மணித்தியாலம் ஆபிரிக்கா தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசயம் இதுதான். ஜேர்மன்காரருக்கு முழங்கால் உளைவு. அதற்கு மருந்து நமீபியாவில் கலஹாரி மணலுக்குள் கிடக்கும் ஒரு கிழங்கு. நிலத்தோடு படர்கிற செடி, ஊதாநிறக் குழல் பூ, காயைச் சுற்றி வளைந்த கொளுக்கிகள். அந்தக் கொளுக்கிகளைக் கண்ட யாரோ ஒருவர் 'டொய்ஃபெல்ஸ்கிரால்லெ' என்று பேர் வைத்துவிட்டார். சாத்தானின் நகம். மண்ணுக்குள் நடுவே ஒரு தாய்க்கிழங்கு நேராக இறங்கியிருக்கும். அதிலிருந்து பக்கவாட்டில் சின்னக் கிழங்குகள் ஓடியிருக்கும். சின்னதுகளை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடினால் செடி மறுபடி தளிர்க்கும். தாயைத் தோண்டினால் கதை முடிந்தது, சின்னதுகள் தாமாக முளைக்கமாட்டா. ஆனால் ஐரோப்பாவில் முழங்கால்கள் கூடக்கூட அங்கே தாய்களையும் தோண்டினார்கள். காட்டில் செடி அருகிப்போனது. ஆகவே ஒரு மூலிகை மருந்துக் கொம்பனி, காட்டில் தோண்டுவதை விட்டு நாமே வளர்ப்போம் என்று அரசாங்கத்துக்கு 'அன்ட்ராக்' என்கிற விண்ணப்பம் எழுதி உதவி வாங்கி, டோர்ட்மண்ட் மழைக்குள் ஒரு பாலைவனத்தைச் சூடாக்கத் தொடங்கியது. பாலைவனத்தைக் கூட்டித் துடைக்க ஆள் தேவைப்பட்டது. அதுதான் நான்.

நேர்முகத்தில் தெளிவாகத்தான் சொன்னேன், நான் மன்னாரில் கணக்குப் படிப்பித்தவள், வாழ்க்கையில் ஒரு வெண்டிக் கன்றுகூட நட்டதில்லை என்று. எங்கள் பொறுப்பாளர் செடிகளில் டொக்டர் பட்டம் பெற்ற பெண்மணி. நல்ல மனுசி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் கைகளைப் பார்த்து, "உங்களிடம் மண்ணின் அறிவு இருக்கிறது" என்றார். என்னிடம் இருந்தது இருபடிச் சமன்பாட்டின் அறிவு. வேலை வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன்.

அகதியாக வந்த நாளிலிருந்து நான் செய்யாத வேலை இல்லை. கழிவறை கழுவினேன், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்தினேன், பேக்கரியில் தட்டு அடுக்கினேன். எல்லாம் தவணை வேலை. ஐம்பத்தெட்டு வயதில் இது ஒன்றுதான் நிரந்தரமாகக்கூடியது. மூன்று வருட முடிவில் திட்டத்தை நீட்டினால் ஓய்வூதியம் வரை எனக்கு இங்கே இடம் உண்டு. மூடினால் என்னையும் சேர்த்து மூடுவார்கள். ஆகவே சாத்தானின் நகம் நன்றாக வளர வேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் மாதாவிடம் மன்றாடினேன். மாதா என்ன நினைத்தாவோ தெரியாது.

பார்வையாளர் வந்தால் என் கைகளைப் படம் பிடிப்பார்கள். முகம் வராது. ஒருமுறை கையில் மண் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பூசச் சொன்னார்கள். கொம்பனியின் ஆண்டறிக்கையில் என் கைகள் 'ஆபிரிக்கப் பாரம்பரிய அறிவு' என்ற தலைப்பின் கீழ் அச்சாகின. அட கடவுளே! மன்னார் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லியிருப்பேன்.

இலையுதிர்காலத்தில் அந்தச் செடி காய்ந்து மேலே ஒன்றுமில்லாமல் போகும். செத்துப்போகவில்லை, நித்திரை. அந்த நேரத்தில் தண்ணீர் காட்டக்கூடாது. இது புத்தகத்திலும் இருந்தது, ஆனால் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஜேர்மனியில் எந்தத் தமிழ் வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்னறையில் கறிவேப்பிலை வைத்து, குளிரில் அது வாடுகிறதே என்று இரக்கப்பட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றியே கொன்ற அனுபவம் இல்லாத குடும்பம் இங்கே கிடையாது. நான் மட்டும் மூன்று கறிவேப்பிலையைக் கொன்றிருக்கிறேன். அதிலிருந்து வந்த இன்னொரு வழக்கமும் எங்களுக்குண்டு. கன்று ஒன்று பிடித்துவிட்டால் உடனே இன்னொன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். இங்கே பட்டாலும் அங்கே நிற்கும்.

அதனால்தான் களவெடுத்தேன். இரண்டாம் வருடம் அளவுக்குக் குறைந்த செடிகளைக் கழித்து எரிக்கச் சொன்னார்கள். ஒரு துண்டும் வெளியே போகக்கூடாது என்பது நமீபியாவோடு செய்த ஒப்பந்தம். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு சின்னச் சாடியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எஸ்-பான் ரெயினில் ஏறிவிட்டேன்.

வீட்டில் மனுசன் கேட்டார், "உதென்ன கண்டு?"

"கிழங்குக் கண்டு. உங்கட முழங்கால் குளிசை உதிலையிருந்துதான் செய்யிறவை."

"உண்மையாவோ! என்ன பேர்?"

அங்கேதான் எனக்கு நாக்குப் புரண்டது. என்னுடைய மனுசன் எஸ்-பானில் ஏற முதலும் சிலுவை போடுகிற ஆள். உணவகக் குசினியில் வருடக்கணக்காக நின்று முழங்கால் போனவர், அதையும் இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தவர். குளிசைப் பெட்டியில் சாத்தானின் பேர் பெரிய எழுத்தில்தான் இருந்தது. ஆனால் ஜேர்மன் சொற்களை அவர் குளிசையைப் போலவே முழுதாக விழுங்குகிறவர், உடைத்துப் பார்ப்பதில்லை. தமிழில் சொன்னால் அன்றே சாடி யன்னலால் பறக்கும்.

"அந்தோனியார் கிழங்கு" என்றேன்.

"அதுதானே பார்த்தன்! சும்மா ஒரு மருந்து இப்பிடிக் கேக்காது."

அவரே சாடியைத் தூக்கிக்கொண்டுபோய் யன்னலடியில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், அந்தோனியார் படத்துக்குக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிய தமிழ்ச் சனம் முழுவதற்கும் கதை தெரிந்துவிட்டது. முழங்கால் உள்ளவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். "ஒரு சின்னக் கொப்பு தாங்கோவன்" என்று கெஞ்சினார்கள்.

"ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது, விளங்குதோ?" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "தெரிஞ்சால் என்ர வேலை போயிடும்."

"ஓமப்பா, ஓம்."

தாய்க்கிழங்கைப் பற்றி நான் சொல்லவில்லை. கொடுக்கவே கூடாது என்று சொன்ன ஆளுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஏன் விளக்க வேண்டும்? கணக்கு ரீச்சரின் மூளை அப்படி.

மூன்றாம் வருடக் குளிர்காலம் கண்ணாடி வீட்டுக்குப் புதிய கணினி ஒன்று வந்தது. மண்ணுக்குள் கம்பிகள் குத்தி, ஈரத்தைத் தானே பார்த்துத் தானே தண்ணீர் விடும். நாற்பது சாடியும் நித்திரையில் கிடக்க, கணினி 'மண் வறட்சி' என்று சிவப்பாகக் கத்தியது. நான் டொக்டரிடம் ஓடினேன். "அதுகள் நித்திரை கொள்கின்றன. எழுப்பித் தண்ணீர் பருக்க வேண்டாம்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "அருமை. இதை எழுதி வைக்கிறேன்" என்றார். 'பணியாளரின் உள்ளுணர்வு' என்ற கட்டத்துக்குள் எழுதியும் வைத்தார். கணினிக்கு அந்தக் கட்டம் தெரியாது. அது பாட்டுக்குத் தண்ணீர் விட்டது.

வசந்தம் வந்தது, ஒரு தளிரும் வரவில்லை. தோண்டிப் பார்த்தோம். நாற்பது சாடிக்குள்ளும் கூழ். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. டொக்டர் சாடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து அழுதார். நானும் அழுதேன். அவர் ஆபிரிக்காவுக்காக அழுதார், நான் எனக்காக அழுதேன். மறைத்துப் பிரயோசனமில்லை.

"செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள்" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒன்று, ஒரேயொன்று உயிரோடு இருந்தால்கூடத் திட்டத்தை நீட்டச் சொல்லிக் கேட்கலாம்."

இரவெல்லாம் யோசிக்கவேண்டிய விசயம், நான் இரண்டு நிமிடம்தான் யோசித்தேன். "என் வீட்டில் ஒன்று நிற்கிறது."

அவருடைய முகம் வெளுத்தது. களவு, ஒப்பந்த மீறல், உடனடிப் பணிநீக்கம் என்று மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உயிரோடா?" என்றார்.

"இரண்டு இலை விட்டிருக்கிறது."

டொக்டர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலத்தில் என் முன்னறை 'வெளிக் காப்பிடம்' ஆகிவிட்டது. அதற்கு ஒரு இலக்கம், ஒரு படிவம், வெப்பநிலை எழுத ஒரு நிரல். களவெடுத்த திகதிக்கு முந்திய திகதியிட்டு எனக்கு அனுமதியும் தந்தார். 'பாதுகாப்பு ஏற்பாடு' என்ற இடத்தில் நான் அந்தோனியாரை எழுதவில்லை, மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். செவ்வாய் காலை சாடியைக் கொண்டுவந்தால் போதும். எனக்குக் காற்றில் நடப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வீட்டைக் கழுவ வரச் சொன்னார்கள். ஜேர்மனியில் ஞாயிறு வேலை! அவ்வளவு அவசரம். பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். மனுசன் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார்.

"இஞ்சேர், ஹம்பேர்க்கிலை இருக்கிற எங்கட ஊர் அக்கா வந்தவ. இஞ்சை மருமகள் வீட்டிலை ஞானஸ்நானமாம். பாவம், எங்கட படி ஏற ஏலாமல் அழுதவ. அடுத்த கிழமை ஒப்பரேசனுக்கு டெர்மினாம், நாள் குறிச்சாச்சாம்."

நான் சப்பாத்தும் கழற்றாமல் யன்னலடிக்குப் போனேன். மண் வடிவாகத் தட்டி மூடப்பட்டிருந்தது. இரண்டு இலையும் அதன்மேல் வாடிக் கிடந்தன.

"என்ன செய்தனீங்கள்?"

"கோவிக்காதை. முழுக்கக் குடுக்கேல்லை. சின்னன் நாலையும் உனக்கெண்டு உள்ளுக்கை விட்டிட்டு, நடுவிலை கிடந்த பெரிசை மட்டும் குடுத்தனான்."

"பெரிசையோ!"

"பின்னை? அவ்வளவு தூரத்திலையிருந்து வந்த மனுசிக்குச் சின்னனைக் குடுத்தால் மரியாதையே?"

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கத்தினேன், அழுதேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் விளங்காமல் நின்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு வந்த ஆளுக்கு, வால் எங்களுக்கு. நான் வீட்டில் நின்றிருந்து, அது தாய்க்கிழங்கு என்று தெரியாமலும் இருந்தால், நானும் அதே பெரிசைத்தான் கிண்டியிருப்பேன்.

ஹம்பேர்க் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். இன்னும் வெட்டியிருக்காவிட்டால் அடுத்த ரெயினில் போய் வாங்கி வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"மருமகள் வீட்டிலையே அவிச்சுக் குடிச்சிட்டன் பிள்ளை" என்றா அக்கா. "சரியான கைச்சல். நேர்த்தி வைச்சுத்தான் குடிச்சனான். முழங்கால் கொஞ்சம் சுகம் போலை கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும் நல்லாயிருப்பியள்."

"நல்லதக்கா" என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாலு சின்னக் கிழங்கும் கிடந்த சாடியோடு போனேன். இரண்டு அதிகாரிகளும், நமீபியாவில் கிழங்கு தோண்டும் பெண்களின் சங்கத்திலிருந்து ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். டொக்டர் என்னையே நடந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதிகாரிகள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா மட்டும் கேட்டார், "ஏன் பெரியதைக் கொடுத்தார்?"

"விருந்தாளி என்றபடியால்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்திருக்கும். சிரித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களிடம் வாங்க வந்தவர்களும் பெரியதைத்தான் கேட்டார்கள். நாங்களும் முதலில் அவர்களை விருந்தாளிகள் என்றுதான் நினைத்தோம்." பிறகு டொக்டர் பக்கம் திரும்பினார். "எங்கள் மணலில் நாங்களே நட்டு வளர்க்க உதவி கேட்டு எழுதியிருந்தோமே, அதற்குப் பதில் வரவில்லை. அங்கே சூடாக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் நீங்கள் இங்கே வளர்த்துவிட்டால் எங்கள் பெண்கள் எதைத் தோண்டிச் சாப்பிடுவார்கள்?" ஒரு அதிகாரி கோப்பி எங்கே இருக்கிறது என்று கேட்டார். டொக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து கடிதம் வந்தது. திட்டம் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. கூடவே இறுதி அறிக்கையின் பிரதி ஒன்று. மனுசன் அதுவரை என் முகத்தை நேரே பார்த்துக் கதைக்கவில்லை. அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்து, அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாக உடைத்து அறிக்கையை வாசித்தார். எங்கள் சாடிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 'கடைசித் தாவரம் பணியாளரின் வீட்டில், பண்பாட்டுக் காரணங்களால் அழிந்தது' என்று தடித்த எழுத்தில், படத்தோடு. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். எனக்கு அந்தக் கொம்பனியையே கொளுத்த வேண்டும்போல் வந்தது.

"மற்ற நாப்பதும் செத்தது எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

நான் வாங்கித் தாளைப் புரட்டித் தேடினேன். கடைசியில், ஒரு அட்டவணைக்குக் கீழே, ஒரு வரியில் இருந்தது.

"எழுதியிருக்கு" என்றேன். "'தானியங்கி நீர்ப்பாசனப் பரிசோதனை வெற்றிகரமாக நிறைவேறியது' எண்டு."