மேற்குச் சுவருக்குள் இருப்பது

என் தங்கை வசந்தாவின் வீட்டு மேற்குச் சுவருக்குள் நஞ்சை வைத்து மூடியவன் நான். அவளுக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்... சொல்லவில்லை!

உடனே என்னைப் பாவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கட்டினாலும் தப்பில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரசாயன ஆலை. அங்கே பாய்லர் பிரிவில் எனக்கு வேலை. மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். வசந்தாவின் கணவர் முருகேசன் அதே பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நிற்பவர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பேட்டைக்குப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டினார்கள். இருக்கிற ஒரே படுக்கையறைக்கு மேற்கு வெயில். சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. பகலெல்லாம் நெருப்பில் வேகிற மனிதர் வீட்டுக்கு வந்தும் வேக வேண்டுமா?

"அண்ணா, நீ பாய்லர்ல வேல செய்ற. சூட்டப் பத்தி உனக்குத் தெரியாததா? இன்னா பண்லாம்னு நீயே சொல்லு" என்றாள் வசந்தா.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வெளிப்பக்கம் மூன்று அங்குலம் தள்ளி இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பலாம், நடுவில் சூடு தடுக்கும் ஏதாவது ஒன்றை அடைக்கலாம் என்று பெரிய நிபுணன்போலச் சொன்னேன். எதை அடைப்பது? அங்கேதான் வந்தது வினை.

மீஞ்சூரில் ஜாபர் பாய் என்று ஒருவர், பழவேற்காட்டுக்காரர், இறால் ஏற்றுமதிக்குத் தெர்மோகோல் பெட்டி விற்பவர். அவரிடம் போனேன்.

"எறா பொட்டில ஐஸு ரெண்டு நாள் கரையாம நிக்கிது. உன் தங்கச்சி ஊட்டுல குளிர்ச்சி நிக்காதா? ரெண்டு அங்குல ஷீட்டு போடு, போதும்" என்றார்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காய்கறிக்காரி தராசைத் தூக்கினால் அதன் அடியில் குனிந்து பார்ப்பவன். பாய் சிரித்துக்கொண்டே சொன்னாரா... ஏன் சிரிக்கிறார்? விற்காத சரக்கைத் தள்ளப் பார்க்கிறாரோ? ஒரு துண்டை ஒடித்துத் தீக்குச்சி வைத்தேன். குப்பென்று பற்றிக் கருகி ஒழுகியது!

"பாத்தீங்களா பாய்? இதப் போயி ஊட்டு செவுத்துல வைக்கச் சொல்றீங்க!"

"செவுத்துக்குள்ள மூடி இருக்கப் போவுது. அங்க யாரு நைனா நெருப்பு வைக்கப் போறா?"

நான் கேட்கவில்லை. எங்கள் ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திப் பராமரிப்பு பார்ப்பார்கள். அப்போது நீராவிக் குழாய்களைச் சுற்றியிருக்கும் பழைய பொதியைப் பிய்த்துப் பாய்லர் அறைக்குப் பின்னால் குவிப்பார்கள். வெள்ளையாக, நார் நாராக, பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். தீக்குச்சி வைத்தால் பற்றாது. பாய்லர் சூட்டையே தடுத்த பொருள் சூரியனைத் தடுக்காதா? கழித்துப் போடுகிற சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போவது எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் வழக்கம். கேட்டில் சொல்லிவிட்டுப் பதினோரு கோணி கட்டினேன்.

அன்று மாலை மீஞ்சூருக்குத் திரும்பிப் பாயிடம் பெருமையாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "வாணாம் நைனா. எந்தக் காலத்துல போட்டதோ, இன்னா சரக்கோ... யாரயாவது கேட்டுக்கினு வை."

வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். அவ்வளவு மட்டமான புத்தி எனக்கு!

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பொதியைப் பிய்த்த ஒப்பந்தக் கூலிகள் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்கள். ஒருவர் இருமி இருமிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பார்த்தேன்... நன்றாகப் பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் ஏன் வரவில்லை? வந்தது. தங்கை முன்னால் கெட்டிக்காரனாக நிற்க ஆசைப்பட்டு அதை அமுக்கிவிட்டேன்.

அறை குளிர்ந்தது. அதுதான் கொடுமை! சொந்தக்காரர்கள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள்.

நான்கு வருடம் கழித்து ஆலைக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, அதே பொதியை முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுக்கச் சொன்னார். "இது கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். தூசு நுரையீரல்ல தங்கிடும். இருபது வருஷம் கழிச்சுக்கூட புத்துநோய் வரலாம். மூடியே கெடந்தா பயமில்ல, ஒடச்சாத்தான் ஆபத்து" என்றார்.

நான் கட்டிய பதினோரு கோணியும் அதே சரக்கு.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாசல்வரை போனேன். வசந்தா காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முருகேசன் ஏ.சி. வைக்க அந்தச் சுவரை உடைக்கக் கிளம்பியபோது, மேற்கே துளை போட்டால் வாஸ்துப்படி ஆகாது என்று புளுகினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாஸ்துவை நக்கலடித்தே திரிந்தவன் அல்லவா நான்? அதற்குப்பின் அவர் எப்போது இருமினாலும், எனக்குக் கேட்கவேண்டுமென்றே இருமுகிறாரோ என்று தோன்றும். அந்த அறைக்குள் நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.

"இன்னாண்ணா, வாசல்லயே உக்காந்துகினு போற? எம்மேல இன்னா கோவம்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா கண் கலங்கினாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். புதுசு, பூப்போட்ட உறை.

"நானே தெச்சேன். கேபிள் ஒயர் உடறதுக்கு அவுரு செவுத்துல சின்னதா ஓட்டை போட்டாரு. அது சின்ன ஓட்டதான், வாஸ்து ஒண்ணும் பண்ணாதுன்னாரு. உள்ள நீ வெச்ச பஞ்சு கொட்டிச்சிண்ணா, இழுக்க இழுக்க வந்துகினே இருந்திச்சி. நல்லா மெத்துனு கீதே, வீணாக்குவானேன்னு அள்ளி அடச்சிட்டேன்!"

கைநிறைய அள்ளியிருக்கிறாள். உதறியிருக்கிறாள். முகத்துக்கு நேரே வைத்துத் தைத்திருக்கிறாள்... ஐயோ!

நியாயமான மனிதன் அப்போது கத்தியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது என் முதுகுவலிக்குத் தோதா இருக்கும்மா. நான் எடுத்துக்கட்டுமா?"

அவளுக்கு ஒரே சந்தோஷம். "எடுத்துக்கோண்ணா! உள்ள இன்னும் எவ்ளோ கீது, நான் வேற தெச்சிக்கறேன்" என்றாள்.

பதறிப்போய்ச் சிமெண்ட் குழைத்து அந்த ஓட்டையை நானே பூசினேன். எறும்பு வரும் என்று அதற்கும் ஒரு புளுகு.

தலையணை என் வீட்டுப் பரணில் இருக்கிறது, மூன்று பிளாஸ்டிக் பைக்குள். எரித்தால் எரியாது. குப்பையில் போட்டால் பொறுக்குபவர் யாராவது பிரித்துவிடுவார். முருகேசன் இன்னமும் இருமுகிறார், அது உலைப்புகையா என் கைவேலையா என்று எனக்குத் தெரியாது. வசந்தா வாரம் தவறாமல் போன் செய்வாள். பேசி முடித்து வைக்கும்போது கட்டாயம் கேட்பாள்.

"தலகாணி சவுரியமா கீதாண்ணா?"

"சவுரியமா இருக்கும்மா."